நாற்பது பேரும் பாஸாக வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர்
9 ஜூலை 2012

அன்புத் தம்பி ஆபிரகாமுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் மகள் ஜெர்சிக் குட்டியும் சுகமென்று நம்புகிறேன். டெல்லி வெயிலில் பிள்ளைக்கு வந்த வேர்க்குரு அடங்கியதா? போனில் பேசினால் நீ 'ம்' மட்டும் கொட்டுகிறாய். வெறும் 'ம்' எழுதித் தபால்தலை ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால் பெட்டியைத் தேடிப் போகிறேன்.

என் வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். நல்ல வேலை. வடக்குப்பட்டில் மத்திய அரசின் தொழிற்பேட்டைக் கழகம் கட்டிய பயிற்சி மையத்தில் எலக்ட்ரிக்கல் டீச்சர். பெரிய கூடம், மேசைகள், வரிசையாக மல்டிமீட்டர்கள், எல்லாம் இருக்கின்றன. மாணவிகள் மட்டும்தான் இல்லை. காலையில் போய் மிஷின்களின் மேல் கிடக்கும் துணியை எடுத்துத் தூசி தட்டுகிறேன், சாயங்காலம் மூடிவிட்டு வருகிறேன். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. சம்பளம் ஒழுங்காக வருகிறது. அதை வாங்கும்போது கை கூசுகிறது.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது, நிலம் கொடுத்த வீடுகளிலிருந்து நாற்பது பெண்களுக்குப் பேனல் ஒயரிங், அதாவது மிஷின்களின் மின்பெட்டிக்கு ஒயர் கட்டும் வேலை, கற்றுக்கொடுத்து ஒரகடத்து ஃபாக்டரிகளில் வேலையும் வாங்கித் தருவதாகக் கழகம் வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கை நம்பித்தான் நானும் தெற்கே நாசரேத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தேன். சேரப்பணஞ்சேரி கோவிந்தம்மா திங்கள்கிழமை தவறாமல் கேட்டுக்கு வந்து நிற்பாள். அவள் வேர்க்கடலை போட்ட நிலத்தில் இப்போது ஒரு கார் கம்பெனியின் கிடங்கு நிற்கிறது. "டீச்சர், கிளாஸு எப்போ?" என்பாள். அடுத்த மாசம் என்பேன். இன்றைக்கும் அதையே சொன்னேன். ஜி.எம். பெருமாள்சாமியிடம் கேட்டால் மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை என்கிறார்.

எனக்கு ஒரு வகுப்பு வேண்டும், தம்பி. வேறு ஆசை ஒன்றும் இல்லை.

ஜெர்சிக்கு என் முத்தம்.
அன்பு அக்கா,
அன்னபுஷ்பம்

---

புது தில்லி
14 ஆகஸ்ட் 2012

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேர்க்குரு போய்விட்டது. அத்தானுக்கு என் ஸ்தோத்திரம்.

எனக்கு அமைச்சகத்தில் புதிய இருக்கை கொடுத்திருக்கிறார்கள். அரசு நிறுவனங்களின் பெரிய அதிகாரிகளுக்கு, அதாவது நிர்வாக இயக்குநர் முதல் பொது மேலாளர் வரை, வருஷக் கடைசியில் செயல்திறன் போனஸ் என்று ஒன்று உண்டு. வருஷ ஆரம்பத்தில் இன்னின்னது செய்வோம் என்று அவர்களே இலக்கு எழுதுவார்கள். முடிந்ததும் அத்தனையும் செய்துவிட்டோம் என்று அவர்களே எழுதி அனுப்புவார்கள். கையெழுத்து சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து நாங்கள் பணத்துக்கு ஒப்புதல் கொடுப்போம். தேர்வு எழுதியவரே திருத்திக்கொள்ளும் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் முதல் வகுப்புதான்.

போனஸ் கொடுக்குமுன் யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். பக்கத்து அறைக்காரர்கள் சிரித்தார்கள். கங்கா மேடம் என்று ஒரு மூத்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பார்ப்போம்.

உங்களுக்கு வகுப்பு கிடைக்க ஜெபிக்கிறேன்.
தம்பி ஆபிரகாம்

---

ஸ்ரீபெரும்புதூர்
20 நவம்பர் 2012

அன்புத் தம்பிக்கு,

யாவரும் சுகம். இங்கே மழை. செம்பரம்பாக்கம் ஏரி கடல்போலக் கிடக்கிறது என்று உன் அத்தான் வேலைக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஜெர்சிக்கு ஸ்வெட்டர் போட்டு விடுகிறீர்களா?

ஒரு கூத்து நடந்தது, கேள். போன ஞாயிறு நான் ஆலயத்துக்குப் போயிருந்தேன். திங்கள் காலை கூடத்தைத் திறந்தால் பெஞ்சுகள் இழுத்துப் போடப்பட்டிருக்கின்றன, பிரியாணி வாசம் அடிக்கிறது, போர்டில் யாரோ ஒரு சர்க்யூட் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படத்தின்படி ஒயர் கொடுத்து சுவிட்சைப் போட்டால் வீடே பற்றிக்கொள்ளும். எனக்கு வந்த கோபத்துக்கு அதை அழித்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

விசாரித்தால், ஜி.எம்.மின் ஆட்கள் பக்கத்து ஹாஸ்டலில் இருக்கிற நம் ஊர்ப்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். எல்லாரும் அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஃபாக்டரிக்கு வந்த பிள்ளைகள். அவர்களில் வேல்விழி என்பவள் எனக்கு நல்ல பழக்கம். "லீவு நாளு, பிரியாணி தாராவன்னு போனோம் டீச்சர். எங்கள வடக்குப்பட்டுக்காரின்னு எழுதிக்கிட்டாவ" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உட்கார்ந்தது கோவிந்தம்மாவின் இடம்.

ஆபிரகாம், எங்கள் கழகத்து அதிகாரிகளின் போனஸும் உன் மேசைக்குத்தான் வருமா?

உடனே பதில் எழுது.
அக்கா

---

ஸ்ரீபெரும்புதூர்
27 டிசம்பர் 2012

தம்பிக்கு,

சுகம். உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பார்சலில் அனுப்பினேன். வந்ததா, நொறுங்கியதா, ஒன்றும் தெரியவில்லை. போன் செய்தால் உன் வீட்டுக்காரிதான் எடுக்கிறாள். நீ குளிக்கிறாயாம். ஒரு மாசமாகக் குளிக்கிற மனுஷனை நான் பார்த்ததில்லை.

நான் கேட்ட கேள்வி உனக்குச் சங்கடமாகிவிட்டதோ? பெரிய அதிகாரிகளோடு பழகிப் பழகி, அக்காவுக்குப் பதில் எழுதுவது கௌரவக் குறைவாகிவிட்டதோ? உனக்கு ஓமின் விதி சொல்லிக்கொடுத்தவள் நான். அதையாவது ஞாபகம் வைத்துக்கொள்.

பிள்ளைக்கு முத்தம். உனக்கு இல்லை.
அன்னபுஷ்பம்

---

புது தில்லி
12 ஜனவரி 2013

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பார்சல் வந்தது. முந்திரிக்கொத்து முழுசாகவே வந்தது, ஜெர்சி தின்று தீர்த்தாள். குளிர் அதிகம்.

இப்போதைக்கு வேறு எழுதுவதற்கில்லை. என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம்.

ஆபிரகாம்

---

ஸ்ரீபெரும்புதூர்
17 மார்ச் 2013

தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தின் நீளத்தைப் பார்த்துத் தந்தி என்று பயந்தே போனேன். நீ எழுதாவிட்டால் போ, நான் எழுதாமல் இருக்க மாட்டேன். என் வயிறு வெடித்துவிடும்.

டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி எங்கள் மையத்தைப் பார்க்க வருகிறாராம். இதுவரை நடக்காத விஷயம். ஜி.எம். பெருமாள்சாமிக்குத் தூக்கமில்லை. மையத்துக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. மார்ச் கடைசி வாரத்தில் எந்த நாள் சௌகரியம் என்று டெல்லியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இவர் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டைப் பார்த்திருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு ஃபாக்டரி லீவு என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நாற்பது பெண்களும் அன்றைக்குச் சும்மாதானே இருப்பார்கள் என்று அந்த நாளையே குறித்து அனுப்பிவிட்டார். ஃபாக்டரி ஏன் லீவு விட்டது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. சென்னைக்காரர். பங்குனி உத்திரம் என்றால் அவருக்குக் கோயிலில் கல்யாண உற்சவம், அவ்வளவுதான்.

இப்போது ஹாஸ்டல் பெண்களுக்கு இந்த ஊர்ப் பேச்சு சொல்லிக்கொடுக்கிறார்கள். 'இன்னா', 'வூடு' என்று வேல்விழி ஒப்பிக்கிறாள். நாலாவது வார்த்தையில் 'ஏட்டி' வந்துவிடுகிறது.

என்னை டீச்சராக நின்று சிரிக்கச் சொல்லியிருக்கிறார் ஜி.எம். நிற்பேன், சிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வருகிறவர் ஒரு வார்த்தை என்னைக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். வேலை போனால் போகட்டும். உன் அத்தான் சம்பாத்தியத்தில் கஞ்சி குடித்துக்கொள்வோம்.

நீ என் பக்கத்தில் இருந்திருந்தால் தெம்பாக இருந்திருக்கும்.
அக்கா

---

ஸ்ரீபெரும்புதூர்
30 மார்ச் 2013

என் தம்பி ஆபிரகாமுக்கு,

சுகம், சுகம், பரிபூரண சுகம். நாளை ஈஸ்டர். நேற்றுப் பெரிய வெள்ளி ஆராதனையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனசு முழுக்க வகுப்பறையில்தான் இருந்தது. ஆண்டவர் மன்னிப்பார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உத்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வேல்விழி பையோடு வந்து நின்றாள். "நாளைக்கு எங்க குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போவாட்டி எங்கய்யா வீட்டுல ஏத்த மாட்டாவ டீச்சர். ஜி.எம். சார்ட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள். ஹாஸ்டலே அவள் பின்னால் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டது. ஜி.எம்.மிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

காலையில் வந்து ஹாஸ்டலைப் பார்த்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. அதிகாரி மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டார் என்று போன் வருகிறது. உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, ரெண்டு வேன் எடுத்துக்கொண்டு போய் அக்கம்பக்கத்து ஊர்களில் கிடைக்கிற பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு வா என்று விரட்டினார். சூப்பர்வைசரும் போய் வீடு வீடாக, "டிரெயினிங் கீது, வாங்க" என்றிருக்கிறான். அவன் வாயிலிருந்து பொய்யாக வந்த வார்த்தையை அவர்கள் நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள்.

வேன் கதவு திறந்ததும் நான் பார்த்ததை எப்படி எழுதுவேன்? குளித்து, தலைவாரி, பூ வைத்து, நல்ல புடவை உடுத்தி இறங்குகிறார்கள். ஒவ்வொருத்தி கையிலும் நோட்டு, பேனா, மத்தியானச் சாப்பாடு. கோவிந்தம்மா மகனுடைய ஜியாமெட்ரி பாக்ஸையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்க்கிறார்கள்.

வந்த அதிகாரி நீ முன்பு எழுதிய அதே கங்கா மேடம். ஜி.எம். இங்கிலீஷில் பொழிந்தார். இந்த நாற்பது பேரும் ஒரு வருஷமாகப் படிக்கிறார்கள் என்றார். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நேரே கோவிந்தம்மாவிடம் போய் நல்ல தமிழில் எத்தனை நாளாக வருகிறாய் என்று கேட்டார். பாலக்காட்டுக்காரராம். ஜி.எம். முகம் செத்துவிட்டது.

கோவிந்தம்மா எழுந்து நின்றாள். "இன்னிக்குத்தாம்மா மொத நாளு. ரெண்டு வருசமா கேட்டுக்கினே இருந்தோம், இப்பத்தான் கூப்ட்டாங்க. டீச்சரு இன்னும் ஆரம்பிக்கல. நீங்க குந்துனீங்கன்னா ஆரம்பிப்பாங்க."

கங்கா மேடம் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், ஆரம்பிங்க" என்றார். சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஜி.எம்.மும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் மிஷின் மேலிருந்த துணியை எடுத்தேன். தம்பி, அன்றைக்கு நான் நடத்தியதுபோல ஒரு வகுப்பு இதுவரை நடத்தியதில்லை. ஒரு பாட்டரி, ஒரு பல்பு, ஒரு சுவிட்ச். சாயங்காலம் கலையும்போது ஒவ்வொரு மேசையிலும் பல்பு எரிந்தது. கோவிந்தம்மா தன் பல்பை அணைக்க மாட்டேன் என்றாள்.

இனி என்ன ஆகும் என்று தெரியாது. இது ஒருநாள் கூத்தாக முடிந்துவிடக் கூடாது. அந்தப் பயம்தான் என்னைப் பிடுங்குகிறது.

ஈஸ்டர் வாழ்த்துகள். நீ மௌனமாக இருந்தாலும் நீ என் தம்பிதான்.
அன்னபுஷ்பம்

---

புது தில்லி
23 ஜூன் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஜெர்சி மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கழகத்துக்கு உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது. இனி நான் பேசலாம்.

உங்கள் நவம்பர்க் கடிதம் வந்த அன்று உங்கள் கழகத்தின் இலக்குக் கோப்பு என் மேசையில்தான் இருந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கங்கா மேடம் அறைக்குப் போனேன். என் அக்கா அங்கே வேலை பார்க்கிறார், இந்தக் கோப்பு என்னிடம் இருக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் எழுதியதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அக்கா சொல்லித் தம்பி செய்தான் என்று உங்கள் ஜி.எம். ஒரே வரியில் எல்லாவற்றையும் ஊதித் தள்ளியிருப்பார். என் குறிப்பை ஏற்று, முதலில் எந்த இடத்துக்குப் போவது என்று கங்கா மேடம்தான் முடிவு செய்தார்.

உங்களுக்கு ஒரு வரி எழுதினாலும் என் பேனா உளறிவிடும் என்று பயந்தேன். அதனால்தான் நிறுத்தினேன். டிசம்பர்க் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். அன்றைக்கு நிஜமாகவே குளிக்கப் போயிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுதான் உத்தரவு. உங்கள் நிர்வாக இயக்குநர் முதல் ஜி.எம். வரை நாலு பேருடைய போனஸும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அடியோடு ரத்து செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். கங்கா மேடம் மறுத்தார். "ரத்து பண்ணினா கேஸ் போடுவாங்க. நிறுத்தி வெச்சா வேலை செய்வாங்க" என்றாராம். அந்த நாற்பது பேரும் படித்து, தேறி, வேலையில் சேர்ந்த பிறகுதான் பணம். ஒருத்தி குறைந்தாலும் இல்லை.

அக்கா, உங்களுக்கு வகுப்பு கிடைத்துவிட்டது.
என்றும் தம்பி,
ஆபிரகாம்

---

ஸ்ரீபெரும்புதூர்
6 அக்டோபர் 2013

என் தங்கத் தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தைப் படித்து நானும் அழுதேன், உன் அத்தானும் அழுதார். டிசம்பரில் நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. உனக்கு நான் கொடுக்காத முத்தத்தை இப்போது வட்டியோடு அனுப்புகிறேன்.

இங்கே நடக்கிறதைப் பார்க்க நீ வர வேண்டும். ஜி.எம். பெருமாள்சாமி எனக்கு முன்னால் வந்து கூடத்தைத் திறக்கிறார். வாசலில் நின்று தலை எண்ணுகிறார். ஒருத்தி குறைந்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது. ஃபேன் கேட்டேன், மறுநாள் வந்தது. வேன் கேட்டேன், வந்தது. குழந்தைகளை விட ஒரு அறையும் ஆயாவும் கேட்டேன், அதுவும் வந்தது. இரண்டு வருஷமாக வராத உத்தரவெல்லாம் எந்த மேலிடத்தில் படுத்துக்கிடந்ததோ தெரியவில்லை.

போன மாசம் கோவிந்தம்மாவுக்குக் காய்ச்சல். புருஷன், படித்துக் கிழித்தது போதும் என்று நிறுத்தப் பார்த்திருக்கிறான். ஜி.எம். காரை எடுத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்கே போய்விட்டார். ஒரு கையில் பிரெட், ஒரு கையில் சாத்துக்குடி. அவள் புருஷனிடம் கும்பிடாத குறையாகப் பேசி, நாலாம் நாள் அவளைத் தானே கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார். "உன்னிய பாஸ் பண்ண வெக்காம எனக்குத் தூக்கம் வராதும்மா" என்று அவளிடம் சொன்னார். அவளுக்கு ரொம்பப் பெருமை. இவ்வளவு நல்ல மனுஷனைத் திட்டினீங்களே டீச்சர் என்று என்னைக் கடிந்துகொண்டாள்.

தினமும் என்னிடம் கேட்கிறார், "யாரும் ஃபெயில் ஆகமாட்டாங்களே மேடம்?" அது என் பாடு என்பேன்.

வேல்விழி ஷிஃப்ட் முடிந்து வந்து சில நாள் பின்னால் நின்று கேட்கிறாள். கோவிந்தம்மாவுக்கு ஒயர் நுனியில் லக் என்கிற செப்பு முனையை வைத்து அழுத்தக் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

ஜெர்சி நன்றாகப் படிக்கட்டும்.
அக்கா

---

புது தில்லி
20 ஜூலை 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஏப்ரலில் ஒன்று, ஜூனில் ஒன்று என்று இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன் செய்தால் அத்தான் எடுக்கிறார். நீங்கள் மையத்தில் இருக்கிறீர்களாம். எப்போது கேட்டாலும் மையத்தில்தானா? என்னைப் பழிவாங்குகிறீர்களா? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஒரு செய்தி. என் குறிப்பை இப்போது எங்கள் அலுவலகம் வழக்கமாகவே ஆக்கிவிட்டது. இனி எந்தப் பெரிய அதிகாரியின் போனஸுக்கும் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்தே தீர வேண்டும். அன்றைக்குச் சிரித்த பக்கத்து அறைக்காரர் இப்போது பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்.

உங்கள் பெண்கள் என்ன ஆனார்கள்? தேறினார்களா? அந்தக் கோப்பு இப்போதும் என்னிடம் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கவலையுடன்,
ஆபிரகாம்

---

வடக்குப்பட்டு
4 ஆகஸ்ட் 2014

தம்பிக்கு,

சுகம். இதை மையத்திலிருந்தே எழுதுகிறேன். வீட்டில் எழுத நேரமில்லை. பழியும் இல்லை, வியாதியும் இல்லை.

நாற்பது பேரும் பாஸ்! வெளியிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி ஒருத்தியைக்கூட விட்டுவைக்காமல் குடைந்தார். கோவிந்தம்மா கட்டிய பேனலுக்குக் கரண்ட் கொடுத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. ஜி.எம். கை தட்டிய சத்தம் ஒரகடம் வரை கேட்டிருக்கும். ஜூன் முதல் எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள். கோவிந்தம்மாவுக்குக் கிடைத்த கம்பெனி எது தெரியுமா? அவள் கடலை போட்ட நிலத்தில் கிடங்கு கட்டியிருக்கிறதே, அதேதான். வேல்விழியும் அவளும் இப்போது ஒரே லைன். ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் பாதி புரியாது, ஆனாலும் ஓயாமல் பேசுகிறார்கள்.

போன வாரம் ஜி.எம்.முக்குப் போனஸ் வந்துவிட்டது. மற்ற மூன்று பேருக்கும்தான். இனிப்பு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "இத்தனை வருஷம் வாங்கியிருக்கேன் மேடம். இந்த வாட்டிதான் எதுக்கு வாங்கினேன்னு வீட்ல சொல்ல முடிஞ்சுது" என்றார். ஒரு லட்டு அதிகமாகவே எடுத்துக்கொண்டேன். அந்த மனுஷன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. உழைத்து வாங்கிய காசு.

எல்லாருமாகப் போட்டோ எடுத்தோம். போர்டில் சர்க்யூட் போட்டது கோவிந்தம்மா. நான் சரிபார்த்தேன், தப்பே இல்லை. ஜி.எம். நடுவில் நிற்கப் பார்த்தார். "சார், நீங்க ஓரமா நில்லுங்க, நாங்க மறைஞ்சி பூடுவோம்" என்றாள் அவள். அவரும் ஓரமாகப் போய் நின்றார்.

இன்றைக்குத் திங்கள்கிழமை. முன்பெல்லாம் இதே கிழமையில் ஒருத்தி கேட்டுக்கு வெளியே நிற்பாள், நான் அடுத்த மாசம் என்பேன். இன்றைக்கு இரண்டாவது பேட்ச் ஆரம்பம். கோவிந்தம்மாவின் நாத்தனாரும் சேர்ந்திருக்கிறாள். வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்கிறது. ஜி.எம். தலை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

முத்தம், ஸ்தோத்திரம், விசாரிப்பு எல்லாவற்றையும் நீயே போட்டுக்கொள், தம்பி. எனக்கு வகுப்பு இருக்கிறது.